சந்திரனைப் படம் பிடித்த சீட்டுக்கட்டுக்காரர்



பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற பெயரில் இருந்த காலத்துத் தபால்தலை எதையாவது பார்த்திருக்கிறீர்களா? விக்டோரியா மகாராணியின் தலை போட்டிருக்கும். 1867-இல் தொடங்கி அவற்றை அச்சடித்துக் கொடுத்தது லண்டன் டி லா ரூ கம்பெனி. சீட்டுக்கட்டும் அடித்து விற்ற கம்பெனிதான் அது. அதன் முதலாளிகளில் ஒருவரான வாரன் டி லா ரூ (1815 – 1889) பகலெல்லாம் காகிதமும் மையுமாக இருந்துவிட்டு, இரவில் சந்திரனைப் படம் பிடித்தவர். வானநூல் அவருக்குப் பிழைப்பு அல்ல, ஆசை.

அதற்கு முன் சந்திரனை எப்படிப் பதிந்து வைத்தார்கள்? தொலைநோக்கியில் பார்த்துக் கையால் வரைந்தார்கள். ஒரே பள்ளத்தை இருவர் வரைந்தால் இரண்டு விதமாக இருக்கும். யார் வரைந்தது சரி என்று யாரைப் போய்க் கேட்பது? 1840-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற வேதியியல் பேராசிரியர் 20 நிமிடம் ஒளி விழவிட்டுச் சந்திரனைத் தகட்டில் பதிந்தார். ஆரம்பம் நல்ல ஆரம்பம்தான். ஆனால் நுணுக்கம் போதவில்லை.

1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. தம் பங்குக்கு டி லா ரூ, கடித உறை மடிக்கும் இயந்திரத்தை அங்கே வைத்திருந்தார். அதே கண்காட்சியில், அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் பாண்டும் விப்பிளும் எடுத்த சந்திரன் படம் ஒன்றும் இருந்தது. பார்த்தவர் அசந்துபோனார். வியாபாரத்துக்கு வந்தவருக்கு நிலாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அவரிடம் தாமே தேய்த்து மெருகேற்றிய 13 அங்குல உலோக ஆடி பொருத்திய தொலைநோக்கி இருந்தது. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் போச்சு! இது பரவாயில்லை. பெரிய தொல்லை வேறு. பூமி சுழல்வதால் சந்திரன் இரண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. படத்துக்கோ 10 முதல் 30 வினாடி வரை வேண்டும். நகரவிட்டால் எல்லாம் மங்கல். தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே போக இயந்திரம் இல்லாததால், 1852-இல் அந்த மனிதர் தட்டு வைத்த சட்டத்தைக் கையாலேயே நகர்த்தி நிலாவைப் பின்தொடர்ந்தார். லேசுப்பட்ட காரியமா அது? படம் விழத்தான் செய்தது. ஆனாலும் திருப்தி இல்லாமல் நிறுத்திவிட்டார். 1857-இல் கிரான்ஃபோர்டு என்ற ஊருக்குக் குடிபோய், கடிகார இயந்திரம் பூட்டிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்.

பிறகு செய்தது இன்னும் வேடிக்கை. ஒரு விரலை மூக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறதல்லவா? அந்த வித்தியாசத்தால்தான் பொருள் திரண்டு தெரிகிறது. சந்திரன் இருக்கும் தூரத்துக்கு நம் இரு கண்களின் இடைவெளி எந்த மூலைக்கு? ஆனால் சந்திரன் ஒரே முகத்தைக் காட்டினாலும் லேசாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு படம் எடுத்துவிட்டு, முகம் சற்றுத் திரும்பி, வெளிச்சம் மட்டும் முன்போலவே விழும் இன்னோர் இரவுக்காகக் காத்திருந்தார். அந்த இரவில் மேகம் மூடினால் மறுபடி காத்திருப்பு. அப்படிச் சேர்த்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், தட்டையாக இருந்த நிலா பந்துபோல் உருண்டு நிற்கும்! கண்ணுக்குக் கண் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளி உள்ள ராட்சசன் பார்க்கும் பார்வை அது. கைப்பேசியைத் தூக்கி நிலாவைக் 'கிளிக்' செய்யும் நமக்கு அந்தப் பொறுமை வருமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பழக்கம் 1860 ஜூலை 18-இல் பெரிய வழக்கொன்றைத் தீர்த்தது. முழுச் சூரிய கிரகணத்தில் கரிய வட்டத்தின் ஓரத்தில் சிவப்புக் கொழுந்துகள் தெரியும். அவை சூரியனுடையவையா, சந்திரனுடையவையா என்று அறிஞர்களுக்குள் தகராறு. டி லா ரூ தாமே வடிவமைத்த சூரியப் படக் கருவியைக் கப்பலேற்றி, ஸ்பெயினின் வடக்கே ரிவாபெல்லோசாவில் நிறுத்தினார். அதே நாட்டின் கிழக்குக் கடலோரத்தில் பாதிரியார் செக்கி என்பவரும் படமெடுத்தார். சந்திரன் நகர நகர, ஒரு பக்கக் கொழுந்துகளை மூடிக்கொண்டும் மறுபக்கக் கொழுந்துகளைத் திறந்துகொண்டும் போனது. இருவர் படங்களிலும் கொழுந்துகள் ஒத்திருந்தன. அவை சூரியனுடையவையே என்று முடிவாயிற்று. 1862-இல் லண்டன் அரச வானநூல் கழகம் அந்த அச்சுத் தொழிலாளிக்குத் தன் தங்கப் பதக்கத்தை அளித்தது.