மேசை இழுப்பறையில் விட்டு வந்த சீப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. டாப்சிலிப் சுற்றுலா. ஹியூகோ உட் கல்லறைக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கிறீர்கள், ஓரத்தில் நான் குடையோடு. "சார், அன்னைக்கு நீங்க சொன்ன உட் துரை கதை இன்னும் ஞாபகம் இருக்குதுங்க" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? பம்பாய் கப்பல் தளத்துக்காக ஆனைமலைத் தேக்கை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்டார்கள், அதனால்தான் டாப்சிலிப் என்று பேர். மொட்டையான மலையில் மறுபடி தேக்கு வளர்த்தவர் உட் துரை, 1933-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அவ்வளவுதான். அதற்கு முன் அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கோழிகமுத்தி முகாமில் யானை மேல் உட்கார்ந்திருந்த மலசர் பாகர்களைப் பார்த்துக் கை தட்டிவிட்டு, புளிச்சோறு சாப்பிட்டுக் கீழே இறங்கிவிட்டோம்.

காடர், மலசர், மலைமலசர், இரவாளர், முதுவர், புலையர். நம் பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறை மலைகளின் சனங்கள் இவர்கள். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்கார் காடானது. தீ வைத்துப் புனம் விதைப்பது குற்றம், மூங்கில் வெட்டினால் குற்றம், மாடு மேய்த்தால் குற்றம். தேனும் ஏலமும் குங்கிலியமும் எடுக்கலாம், ஆனால் குத்தகைதாரர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தாரின் விவசாயம், வேட்டை, மருந்து, சாமி, பாட்டு எல்லாமே காட்டைச் சுற்றி இருக்கும்போது, காட்டுக்குள் போவதே குற்றம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? கத்தி எடுக்க வேண்டியதில்லை, ஒரு அரசாணை போதும். அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மலையேறி வந்து அவர்களுடைய தலையையும் மூக்கையும் அளந்து எழுதிக்கொண்டார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவர் புத்தகத்தில் காடர்களுக்கும் பக்கங்கள் உண்டு.

வெள்ளைக்காரனோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தது. அணைகளுக்காகப் பரம்பிக்குளத்துக் காடர்களை இடம் பெயர்த்தார்கள். அந்தத் தண்ணீர்தான் கோவை, திருப்பூர்ப் பக்கம் லட்சக்கணக்கான ஏக்கரில் பாய்கிறது. எங்கள் அப்பாரு வைத்திருந்த ஒன்றரை ஏக்கர் தென்னையும் அதில் விளைந்ததுதான். நான் ஆசிரியர் பயிற்சி படித்த செலவே அந்தக் காய் விற்ற காசு. பி.ஏ.பி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பொங்கல் வைத்த ஊரில், மேலே யார் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒருவர்கூடப் பேசி நான் கேட்டதில்லை.

இதுவரை சொன்னது மற்றவர்கள் செய்தது. இனி நான் செய்தது.

1985-இல் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு என்னைப் போட்டார்கள். பள்ளியின் பேர் வேண்டாம். குற்றம் பள்ளியுடையது அல்ல, என்னுடையது. காடர் பிள்ளைகளுக்குத் தனிப் பேச்சு உண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருக்கமானது, எழுத்து கிடையாது. வகுப்பில் அதைப் பேசினால் முட்டி போட வைத்தேன். "பாடப்புத்தகத் தமிழ் பேசு" என்பேன், நானே ஏனுங்க, வாங்க என்று கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு! சில பேர்கள் வருகைப் பதிவேட்டில் எழுத வரவில்லை. நானே லட்சுமி, முருகன் என்று மாற்றி எழுதினேன். நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன்.

ஒரு பெண்பிள்ளை, மூன்றாம் வகுப்பு, தலையில் மூங்கில் சீப்பு செருகி வந்தாள். கோடு கோடாகச் செதுக்கிய சீப்பு. "இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஆகாது" என்று பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் சீப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. காடர்களில் மாப்பிள்ளை தன் கையால் சீப்பு செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பதுதான் கல்யாணச் சடங்கின் அங்கம் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அது அவள் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். மாறுதல் வந்தபோது இழுப்பறையைத் திறந்துகூடப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

கனடாவில் 1880-களிலிருந்து 1990-கள் வரை பூர்வகுடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பேர். முடியை வெட்டினார்கள், பேரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அந்த நாட்டு உண்மை கண்டறியும் ஆணையமே 2015-இல் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதியது. இனப்படுகொலை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1944-இல் உருவாக்கிய ரபேல் லெம்கின், ஒரு சனத்தின் மொழியையும் நூல்களையும் அழிப்பதும் அதில் சேரும் என்றார். 1948-இல் ஐ.நா. உடன்படிக்கை எழுதியபோது பல நாடுகள் எதிர்த்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டன. ஒன்று மட்டும் தங்கியது: ஒரு கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதன் பிள்ளைகளை வலுக்கட்டாயமாக வேறு கூட்டத்துக்கு மாற்றுவது.

நம் ஊரில் நடந்தது கனடா மாதிரி அல்ல. பிள்ளைகளை யாரும் பிடுங்கி வரவில்லை. மூன்று வேளைச் சோறும் எழுத்தும் கிடைக்கும் என்று பெற்றோரே கொண்டு வந்து விட்டார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நம்பி விட்டார்கள்.

"அப்போ அவங்க காட்டுக்குள்ளயே கிடக்கணுமா மாமா?" என்று என் தங்கை மருமகன் கேட்பார், தெரியும். இல்லை மாப்பிள்ளை. அவர்கள் கேட்பதே பட்டா, பள்ளி, ரோடு. வால்பாறைப் பக்கம் கல்லார்குடிக் காடர்கள் 2019 மழையில் மண்சரிவில் வீடிழந்து, தெப்பக்குளமேட்டில் குடியேற இரண்டு வருடம் போராடி 2021-இல் பட்டா வாங்கினார்கள். 2006-இன் வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். படிப்பு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. படிக்க வந்த பிள்ளையிடம் பேச்சையும் பேரையும் நான் கூலியாக வாங்கினேனே, அதைத்தான் சொல்கிறேன்.

1985, 86-இல் அந்த மலைப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தாலோ, அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தாலோ எனக்கு எழுதுங்கள். அந்தச் சீப்புக்காரப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயதிருக்கும். அவளுடைய பேர் எனக்கு வேண்டும். பதிவேட்டில் நான் எழுதியது நினைவிருக்கிறது. வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை.