கல்லாகிய ஓடும் தீராத வழக்கும்

வாழ்ந்து மறைந்த உயிர் ஒன்றின் வெற்று ஓடு. அதற்கு உயிரினப் பட்டியலில் எந்த இடம் தருவது என்று அறிஞர் உலகம் இருநூறு ஆண்டுகளாக வழக்காடுகிறது. அவ்வழக்கின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

பெல்லரோபான் என்பது அதன் பெயர். கிரேக்கப் புராண வீரன் ஒருவனின் பெயரை 1808ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியலார் தெனி டி மோன்போர் அதற்குச் சூட்டினார். சங்கும் நத்தையும் ஒரு பக்கம் சாய்ந்து சுருண்டிருக்கக் காண்கிறோம். இதுவோ, சுருட்டி வைத்த நாடாவைப்போல் ஒரே தளத்தில் சுருண்டு, இடமும் வலமும் ஒத்து விளங்கியது. ஆகவே நாட்டிலசு முதலிய தலைக்காலிகளோடு அவர் இதனைச் சேர்த்தார். ஆனால் நாட்டிலசின் ஓட்டினுள் அறைகள் உண்டு, இதனுள் இல்லை! தோற்றத்தை நம்பிய தீர்ப்பு நிலைக்கவில்லை. ஓட்டின் வாயிலிலுள்ள பிளவைக் கண்டு, அத்தகைய பிளவுடைய கடல் நத்தைகளின் உறவினமே இது என்றனர் பின்வந்தோர்.

சுருண்ட ஓடு இருந்துவிட்டால் நத்தையாகிவிடுமா? இளம் பருவத்திலேயே நத்தையின் உடல் 180 பாகை முறுக்கிக்கொள்கிறது. பின்புறம் இருக்கவேண்டிய மலவாயும் செவுளும் தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. இம்முறுக்கே நத்தையின் முத்திரை. உடலோ அழிந்துபோயிற்று, முறுக்கை எங்கே தேடுவது? ஓட்டின் உட்புறத்தில் தசை பற்றியிருந்த தழும்புகளைத் தேடினர். 1947இல் அமெரிக்க அறிஞர் புரூக்சு நைட், பெல்லரோபானில் ஒரே இணைத் தழும்பைக் கண்டு, நத்தையே என்று உறுதி கூறினார்.

வழக்கு முடிந்ததா? இல்லை! 1952இல் டென்மார்க்கின் கலாத்தியா கப்பல், கோஸ்டாரிக்காவுக்கு மேற்கே ஆழ்கடலில் நியோபிலினா என்னும் உயிரை வலைவீசி எடுத்தது. அடியோடு அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட ஒற்றை ஓட்டு மெல்லுடலிகளின் வழித்தோன்றல் அது! 1957இல் லெம்கே அதனை உலகுக்கு அறிவித்தார். முறுக்கற்ற உடல், ஒன்றன்பின் ஒன்றாகப் பல இணைத் தசைகள். இதனைக் கண்டபின் பழைய ஓடுகள் மீண்டும் கூண்டில் ஏறின. 1974இல் ரன்னகர், போஜெட்டா இருவரும், பெல்லரோபான் இனம் முறுக்கற்றது, நத்தையன்று என்று வாதிட்டனர். மறுத்தோரும் உளர்.

இதனால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். பெல்லரோபான் இனத்தார் கேம்பிரியக் காலத்திலேயே தோன்றியவர்கள். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் காலத் தொடக்கத்தில் மறைந்தவர்கள். இவர்களை நத்தைக் குலத்தில் வைத்தால் அக்குலத்தின் தொடக்கம் ஒருவகையாக அமைகிறது. நீக்கினாலோ அவ்வரலாற்றையே மாற்றி எழுதவேண்டும். ஓர் ஓட்டின் இடத்தில் ஒரு குலத்தின் தோற்றமே அடங்கியிருக்கிறது!

2005இல் நத்தையினம் முழுவதற்கும் வகைப்பாடு வகுத்த பூசேயும் ரொக்ருவாவும், நத்தையோ ஒற்றை ஓட்டினமோ, இடம் உறுதியில்லை என்று இக்கூட்டத்தைத் தனியே நிறுத்தினர். சான்று போதாதபோது தீர்ப்பை நிறுத்திவைக்கும் நேர்மை அது. கற்பிக்கும் நாமும், கற்கும் இளைஞரும், அதனைப் போற்றிக் கைக்கொள்வோமாக!