பன்னீர் என்று பெயர் வைத்தவர்கள்

போன வருடம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் இனிப்பு மஸ்கட் வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். வைன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குவளையை மூக்கருகே கொண்டு போனதும், "அட, இது பன்னீர் திராட்சை!" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கம்பத்துச் சாலையோரத்தில் வாங்கித் தின்ற பழத்தின் வாசம் அப்படியே அதில் இருந்தது. பிறகு தேடி வாசித்தபோதுதான் என் மூக்கு பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பத்தின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற டெர்பீன்கள். இதில் ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் உண்டு. பன்னீர் என்று பெயர் வைத்த நம் ஆட்கள் எந்த ஆய்வகமும் இல்லாமல் அந்த மூலக்கூறைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

டெர்பீன் செய்யும் வழி எல்லாத் திராட்சையிலும் இருக்கிறது. அந்த வழியின் முதல் படியில் வேலை பார்ப்பது டிஎக்ஸ்எஸ் என்ற நொதி. மணக்கும் வகைகளிலும் மணக்காத வகைகளிலும் இந்த நொதிக்கான மரபணுவை ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. மஸ்கட்களில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நொதியின் 284ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் அஸ்பரஜின். அவ்வளவுதான். நொதி வேகம் பிடிக்கிறது, டெர்பீன் பெருகுகிறது, பழம் மணக்கிறது. கெவுர்ஸ்ட்ராமினரின் மணத்துக்குப் பின்னாலும் இதே மரபணுதான். மாற்றம் நடந்த இடம் மட்டும் வேறு.

செடியில் இது ஒரு எழுத்துப் பிழை. அதைக் காப்பாற்றி வைத்தது மனிதர்கள். திராட்சையை விதை போட்டு வளர்த்தால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வராது. குச்சி வெட்டித்தான் நட வேண்டும். மணத்துக்கு ஆசைப்பட்ட யாரோ ஒருவர் குச்சி வெட்டினார், பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தார். அப்படியே அந்தப் பிழை நூற்றாண்டுகளைத் தாண்டியது.

கொடிகளின் பூர்வீகத்தையும் இன்று மரபணு சொல்லிவிடுகிறது. கபர்னே சாவிஞ்ஞோனைப் பழம்பெரும் குலமாக நினைத்திருந்தார்கள். 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸும் கரோல் மெரிடித்தும் அது கபர்னே ஃப்ரானுக்கும் சாவிஞ்ஞோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று காட்டினார்கள். விடை பெயரிலேயே இருந்திருக்கிறது!

2003இல் மஸ்கட் ஹாம்பர்க்கின் முறை வந்தது. பெற்றோர் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் ஸ்கியாவா க்ரோசாவும். இரண்டாவதை இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் பிளாக் ஹாம்பர்க் என்று அழைத்தார்கள். பெயரில் ஹாம்பர்க் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். மணம் வந்தது அலெக்சாந்திரியா வழியில்.

ஆனால் கொடியை யார் கொண்டுவந்தார்கள் என்ற கேள்விக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது கம்பத்துக்குச் சொல்லப்படும் வரலாறு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழ்களிலும் அதுதான் வந்தது. இங்கிலாந்துப் பக்கத்துக் கதையோ, பெட்ஃபோர்ட்ஷயரில் சீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் இதை உருவாக்கினார் என்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே கப்பல் ஏறியிருக்க முடியுமா? பாதிரியார் வேறொரு மஸ்கட்டைக் கொண்டுவந்திருக்கலாம். ஏதோ ஒரு தேதி பிசகியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு கதையிலும் ஒரு தோட்டக்காரருக்கும் ஒரு பாதிரியாருக்கும்தான் இடம். பந்தல் போட்டு, கவாத்து பண்ணி, குச்சியைக் கைமாற்றியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்று கம்பத்தில் பழம் விற்றவரிடம், "இந்தக் கொடி எங்கேருந்துண்ணே வந்துச்சு?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எங்கப்பா வச்ச குச்சி தம்பி. அவருக்கு யாரு குடுத்தான்னு கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

பெற்றோர் யாரென்று பல கொடிகளுக்கு இலையைக் கொடுத்தால் ஆய்வகம் சொல்லிவிடும். குச்சியைக் கொடுத்தது யார் என்பதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் அவர்கள் இருக்கும்போதே.