சிடி பிளேயர் 'நோ டிஸ்க்' என்கிறதா? எஸ்.பி. ரோடு போகும் முன் இதைப் பாருங்கள்

பெங்களூருவில் வாடகை வீடு மாறும்போதோ, ஊரில் பரணைச் சுத்தம் செய்யும்போதோ பழைய சிடி பிளேயர் ஒன்று கைக்கு வரும். கூடவே ஒரு கட்டு சிடி. பாதி கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு. மீதி, மார்க்கரால் 'அக்கா கல்யாணம்', 'பாட்டி பேசியது' என்று எழுதி வைத்தவை. ஆசையாகப் போட்டால் திரையில் வருவது 'நோ டிஸ்க்'. இரண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

பழுது பிளேயரிலா, சிடியிலா?

கடையில் வாங்கிய, கீறல் இல்லாத ஆடியோ சிடியைப் போடுங்கள். அது பாடினால் பிளேயர் ஓரளவு நலம். சந்தேகப்பட வேண்டியது வீட்டில் எழுதிய சிடியை. கடை சிடியில் பாட்டு நுண்ணிய பள்ளங்களாக அச்சாகி, அதன் மேல் அலுமினியப் பூச்சு இருக்கும். எழுதிய சிடியில் இருப்பது சாயப் படலம். வெயிலும் வெப்பமும் பட்டால் அது மங்கும். பிளேயரை அடுத்த மாதம்கூட ரிப்பேர் செய்யலாம், இந்த சிடி காத்திருக்காது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை லேப்டாப்பில் செருகி, முதலில் அதைக் காப்பி எடுங்கள். படிக்க முடியாத இடத்தை டிரைவ் வேகம் குறைத்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பாடிக்கொண்டே இருக்க வேண்டிய பிளேயருக்கு அந்த அவகாசம் கிடையாது.

துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், தோசைக்கல் போல வட்டமாக வேண்டாம். வட்டக் கீறல் பாட்டின் தடத்தோடு சேர்ந்தே ஓடுவதால், பிளேயரின் பிழைதிருத்தம் அதைச் சமாளிக்கத் திணறும். டூத்பேஸ்ட் வைத்தியம் பக்கம் நான் போகவே மாட்டேன். இன்னொன்று: பளபளக்கும் பக்கத்தைவிட லேபிள் பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. 1.2 மி.மீ. தடிமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். தகவல் இருப்பது லேபிளுக்குச் சற்றுக் கீழே.

பிளேயர்தான் மக்கர் என்றால்?

எல்பி ரெக்கார்டுக்கு நேர்மாறாக, சிடி உள்ளிருந்து வெளியே பாடும். முதல் பாட்டுகள் சரியாக வந்து கடைசிப் பாட்டுகளில் குதித்தால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டு பாதியில் நின்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும்.

சிடி சுற்றவே இல்லையா? உடனே 'மோட்டார் போச்சு' என்று முடிவுகட்ட வேண்டாம். பல பிளேயர்களில் லேசர் முதலில் சிடியின் மேல் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகுதான் மோட்டாரே சுற்றும். லென்ஸில் தூசி படிந்திருந்தாலும் இதே கதைதான். பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. கரண்ட் இருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி; கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால்தான் 'பிக்கப்' எனப்படும் லேசர் பாகத்தை மாற்றும் பேச்சு. பெங்களூருவில் இதற்கெல்லாம் எல்லோரும் கைகாட்டும் இடம் எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா சாலை. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். 'சிடி லென்ஸ் வேணும்' என்று மொட்டையாகக் கேட்காமல், பழைய பிக்கப்பில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சோனியின் கேஎஸ்எஸ்-213 பல கம்பெனி பிளேயர்களில் இருந்தது. ஆனால் அதிலேயே எழுத்து மாறினால் பாகமும் மாறலாம். புதிய பிக்கப் பலவற்றில் நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் இருக்க ஒரு பொட்டு ஈயம் வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். கேபிளை மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் புத்தம்புது பிக்கப்பும் 'நோ டிஸ்க்' என்றே சொல்லும்.