உட்கோடு: ஓர் அனுமதிச் சீட்டின் வரலாறு

பிழைப்பின் பொருட்டு வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்வோர் வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை, வண்டிப் பதிவு ஆகியவற்றை விசாரிப்பதுண்டு. நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுவதில்லை. எனினும் அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள் செல்லும் பிற மாநிலத்தார் அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும். இதன் வேர் 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம்.

அக்காலத்தில் அசாமின் தேயிலைத் தோட்டங்கள் மலையடிவாரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. ரப்பர், மெழுகு, யானைத் தந்தம் தேடிய வணிகர் இன்னும் உள்ளே சென்றனர். மலைமக்கள் எதிர்த்தனர். 1871 ஜனவரியில் லுஷாய் மலையினர் கச்சார்ப் பகுதித் தோட்டமொன்றைத் தாக்கினர். ஜேம்ஸ் வின்செஸ்டர் என்பவர் கொல்லப்பட, அவருடைய சிறுமகள் மேரி கடத்தப்பட்டாள். படையெடுத்துச் சென்றே அவளை மீட்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தோட்டக்காரரின் பேராசைக்கும் படை அனுப்பிக் கட்டுப்படியாகாது என்று அரசு கண்டுகொண்டது. விளைவு, வரைபடத்தில் ஒரு கோடு. அதைச் சீட்டின்றிக் கடப்பது குற்றம். அப்பால் நிலம் வாங்க வெளியாருக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். மலைமக்கள்மீது கொண்ட பரிவால் பிறந்த சட்டமன்று இது என்பதே நம் கருத்து.

(இச்சட்டக் கோட்டை 'உட்கோடு' என்று தமிழாக்கலாம். பழந்தமிழில் 'கோடு' என்பது வரியையும் மலைமுடியையும் யானைத் தந்தத்தையும் குறிக்கும். சட்டத்தின் மூன்று பொருள்களும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன!)

விடுதலைக்குப் பின் நிகழ்ந்ததுதான் விந்தை. 1950இல் சட்டங்களைத் தழுவி அமைத்தபோது 'பிரிட்டிஷ் குடிகள்' என்றிருந்த இடத்தில் 'இந்தியக் குடிமக்கள்' என்று மாற்றினர். கோடு அப்படியே நின்றது. அரசமைப்பின் 19ஆம் பிரிவு நாடெங்கும் சென்று குடியேறும் உரிமையைத் தருகிறது. பழங்குடியினர் நலன் கருதி அதற்கு வரம்பிடவும் இடந்தருகிறது. அயலவன் தன் வசதிக்கு வரைந்த கோட்டை மலைமக்கள் தம் அரணாக்கிக்கொண்டனர். அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று பழிப்போர் திரிபுராவைப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் மக்கள்தொகையில் பாதிக்கு மேலிருந்த அதன் பழங்குடியினர், 2011 கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

மணிப்பூரின் கதை வேறு. அங்கிருந்த அனுமதி முறை 1950 நவம்பரில் நீக்கப்பட்டது. அதை மீட்கக் கோரிய போராட்டத்தில், 2015இல் இம்பாலில் ஒரு பள்ளி மாணவர் காவல்துறை நடவடிக்கையில் உயிரிழந்தார்; அதன்பின் வந்த மசோதாக்களை எதிர்த்துச் சூராசாந்த்பூரில் ஒன்பது பேர் மாண்டனர். இறுதியில் 2019 டிசம்பரில் 1873ஆம் ஆண்டுச் சட்டமே மணிப்பூருக்கும் நீட்டிக்கப்பட்டது.

இங்கேதான் தமிழர் கதை வந்து சேர்கிறது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் பர்மாவில் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. வெளியேற்றப்பட்ட தமிழர் பலர் கப்பலேறித் தாயகம் வந்தனர். வாழப் பிடிக்காமல் தரைவழியே பர்மா திரும்ப முயன்றவர்களில் சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரிலேயே தங்கிவிட்டனர். தமிழ்ச்சங்கம் கண்டனர்; அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எடுத்தனர். அவர்கள் வந்தபோது மணிப்பூருக்குள் நுழையச் சீட்டு ஏதும் தேவைப்படவில்லை.

2022 ஜூனில், மண்ணின் மக்கள் யார் என்று வரையறுக்க 1961ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ள மணிப்பூர் அமைச்சரவை முடிவு செய்தது. மோரேத் தமிழர் பெரும்பாலோர் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தி வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. 2023 மே மாதம் தொடங்கிய இனக்கலவரத்தில் மோரேயும் எரிந்தது. எரிந்தவற்றுள் தமிழர் வீடுகளும் இருந்தன.