கற்பாறையும் காவலூரும்



ஜூபிலி ஆண்டில் நம் விசுவாசத்தின் வேர்களைத் தேடிப் பார்ப்பது தகும். அதற்கு முதலில் நெடுந்தொலைவு சென்று வருவோம்.

அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்கெலிக் மைக்கேல் என்னும் பாறைத் தீவு கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. பண்டைத் துறவிகள் அங்கே சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கித் தேன்கூடு போன்ற குடில்கள் கட்டினர். மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தனர். மீனும், கடற்பறவைகளின் முட்டையும், சிறு தோட்டத்துக் கீரையுமே அவர்களுக்கு உணவு. 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங் கொள்ளையர் எட்கல் என்பவரைப் பிடித்துச் சென்றனர்; அவர் பசியால் மாண்டார். ஆயினும் செபம் நிற்கவில்லை. கடவுளுக்காகச் சொந்த மண்ணையும் சுற்றத்தையும் துறப்பதை அயர்லாந்து மக்கள் ‘வெண்ணிற வேதசாட்சியம்’ என்று போற்றினர்.

அத்தகைய துறவு நம் மண்ணிலும் வேரூன்றியது. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் தொடங்கிய வழியில், சேசு சபைக் குருக்கள் ஊனும் மதுவும் விலக்கி, சந்நியாசிகளாய் வாழ்ந்தனர். தாயகத்துக்கு மடல் எழுதினால் பதில் கிடைக்க ஆண்டு ஒன்றுக்கு மேலாகும். 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார். 1701-இல் தஞ்சைச் சீமையில் கிறிஸ்தவர்கள் கொடிய துன்பத்திற்கு ஆளாயினர்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் இந்நிலையில்தான் வந்து சேர்ந்தார். குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரணத்தின் வாயிலிலிருந்து தப்பினார். பின்னர் கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர் மழவராயர் சீமையிலிருந்த ஏலாக்குறிச்சியைத் தம் பணிக்களமாக்கினார். அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, தேவ அன்னையை அடைக்கல மாதாவாக அங்கே நிறுவினார். மழவராயர் ஒருவர் நோய் நீங்கி மாதாவுக்கு நிலம் கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. அர்ச். சூசையப்பரைப் பாடும் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியும் அவர் தந்ததே.

ஆயினும் நாம் அதிகம் நினையாத நூல் ஒன்று உண்டு. அது உபதேசியார்களுக்காக அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. குரு ஆண்டுக்கு ஓரிரு முறையே எட்டிப் பார்க்கும் ஊர்களில், ஞானோபதேசம் கற்பித்தவரும், சாகக் கிடந்தவருக்குச் செபம் சொன்னவரும் உபதேசியாரே. முனிவர் 1747-இல் மறைந்தார். 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது, குருக்கள் அருகிப்போயினர். ஆயினும் விசுவாசம் அழியவில்லை. உபதேசியார்களின் நாவிலும், தாய்மார்களின் செபமாலையிலும் அது உயிர் பிழைத்தது.

ஸ்கெலிக் பாறையில் துறவிகள் கரைக்குத் திரும்பியபின் குடில்கள் வெறுமையாயின. ஏலாக்குறிச்சியிலோ, முனிவர் போன பின்பும் விளக்கு எரிந்தது. அதை ஏந்தியவர்கள் குடும்பத்தினர். துறவியின் தவம் விதை என்றால், மக்களின் இல்லம் நிலம்.

இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் நம் பிள்ளைகள் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். தனி அறையில், அன்னியர் நடுவே, அவர்களுக்கும் ஒரு கற்பாறை வாழ்வு வாய்க்கிறது. அங்கே அவர்களைத் தாங்கப்போவது, வீட்டில் மாலைதோறும் அவர்கள் கேட்டு வளர்ந்த செபமே. ஆகவே, ஜூபிலி காணிக்கையாக நாம் ஒன்று செய்வோம்: நின்றுபோன குடும்பச் செபத்தை இன்றே மீண்டும் தொடங்குவோம்.

அடைக்கல மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.