இழப்புத் தடுப்பு ஆய்வாளர் (அமெரிக்கா)

வணிகக் காப்பீடு எடுக்கும் கடை, ஆலை, உணவகம், கிடங்கு, வாடகைக் குடியிருப்பு முதலியவற்றை நேரில் பார்த்து, அங்கே தீப்பிடிக்கவோ ஆள் அடிபடவோ உள்ள வாய்ப்புகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தருபவர் இழப்புத் தடுப்பு ஆய்வாளர். நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், அறிக்கைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதுபவர் சுயேச்சை ஆய்வாளர். இந்தியாவின் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்வேயர் வருவது விபத்து நடந்த பிறகு, நட்டத்தை மதிப்பிட. அமெரிக்காவில் அந்த வேலையை அட்ஜஸ்டர் செய்கிறார். இழப்புத் தடுப்பு ஆய்வாளர் வருவது அதற்கு முன்.

தோற்றம்

பெஞ்சமின் பிராங்கிளின் முன்னின்று 1752இல் தொடங்கிய பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப் என்னும் தீக்காப்பீட்டுச் சங்கம், வீட்டைப் பார்க்காமல் காப்பீடு தருவதில்லை என்ற வழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொண்டது. சுவர் செங்கல்லா மரமா, கூரைக்கு ஏற வழி உண்டா என்றெல்லாம் குறிப்பெழுதி, அதற்கேற்பக் கட்டணம் வைத்தார்கள். வீட்டு முன் மரம் நின்றால் தீயணைக்க இடைஞ்சல் என்று 1781இல் அத்தகைய வீடுகளை விலக்கினார்கள். மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் 1784இல் மியூச்சுவல் அஷ்யூரன்ஸ் என்ற போட்டிச் சங்கத்தைத் தொடங்கிக் கூடுதல் கட்டணத்தில் அதே வீடுகளை ஏற்றுக்கொண்டார்கள். பச்சை மரமே அந்தச் சங்கத்தின் சின்னம் ஆயிற்று.

ஆனாலும் இத்தொழிலின் தந்தை என்று சொல்லத் தகுந்தவர் ரோட் ஐலண்டைச் சேர்ந்த நெசவாலை முதலாளி சக்கரையா ஆலன். 1822இல் அலெண்டேலில் அவர் கட்டிய ஆலையில் தடித்த மரப்பலகைத் தளம், தீத்தடுப்புக் கதவு, தீயணைப்பு பம்பு எல்லாம் இருந்தன. இவ்வளவு செய்த எனக்கு பிரீமியத்தைக் குறையுங்கள் என்று அவர் கேட்டபோது காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. கவனமான ஆலைக்கும் அலட்சியமான ஆலைக்கும் ஒரே விலை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1835இல் சக ஆலை முதலாளிகளைச் சேர்த்து மேனுஃபாக்சரர்ஸ் மியூச்சுவல் நிறுவனத்தைத் தொடங்கினார். உறுப்பினர் ஆலைகள் ஒவ்வொன்றையும் ஆய்வாளர் சுற்றிப் பார்ப்பார். குறையைச் சரிசெய்பவருக்கே இடம். தீ குறைந்தது, ஆண்டு முடிவில் பிரீமியத்தில் ஒரு பகுதி உறுப்பினர்களுக்கே திரும்பியது. காப்பீடு என்பது இழந்ததைக் கொடுப்பது மட்டுமல்ல, இழக்காமல் காப்பதும்தான் என்று கணக்கில் காட்டியவர் ஆலன். அந்நிறுவனத்துக்கும் அதைப் பின்பற்றிய மற்ற ஆலைச் சங்கங்களுக்கும் வாரிசாக 1999இல் உருவானதே எஃப்.எம். குளோபல் நிறுவனம்.

நீராவிக் காலம் இன்னொரு கிளையை வளர்த்தது. 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து, உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டே கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு ஸ்டீம் பாய்லர் நிறுவனம் தோன்றியது. அதன் முழுப்பெயரில் காப்பீட்டுக்கு முன்னால் ஆய்வு வரும். 1867இல் டி.ஏ. சான்பார்ன் தொடங்கிய வரைபட நிறுவனத்தின் ஆட்கள் ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்தார்கள். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். காப்பீடு தரலாமா, எவ்வளவுக்கு என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டர் அலுவலகத்தை விட்டு நகராமலே ஒரு தெருவின் தீ ஆபத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1874இல் நியூ ஹேவனைச் சேர்ந்த ஹென்றி பார்மெலி தம் பியானோ தொழிற்சாலையைக் காக்கத் தானியங்கி நீர்தெளிப்பானை அமைத்தார். பிரடெரிக் கிரின்னெல் அதை மேம்படுத்தினார். ஆளுக்கொரு விதமாகக் குழாய் போட்டதால் 1895 வாக்கில் பாஸ்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் ஒன்பது வகை அளவுமுறைகள் புழங்கின. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒன்றுகூடியவர்களே 1896இல் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். இன்றும் ஆய்வாளர் மேற்கோள் காட்டும் விதிகள் பெரும்பாலும் அச்சங்கத்துடையவை.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 தொழிலாளர்கள் இறந்தனர். அதே ஆண்டு தொடங்கி மாநிலங்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தன. கை நசுங்கினாலும் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் என்றானதும், ஆய்வாளர் சுவரோடு எந்திரத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் எச்.டபிள்யூ. ஹைன்ரிக் 1931இல் வெளியிட்ட நூல், விபத்துகளில் 88 விழுக்காட்டைத் தொழிலாளரின் தவறான செயல்களின் கணக்கில் எழுதியது. பழியை ஆள்மேல் போட்டு எந்திரத்தைத் தப்பவிட்ட அந்தக் கணக்கு நெடுங்காலம் வேதமாக ஓதப்பட்டது. நல்ல ஆய்வாளர் இன்று எந்திரத்தின் காப்பு மூடியைத்தான் முதலில் தேடுகிறார்.

ஆய்வில் பார்ப்பவை

அறிக்கைக்கு நான்கு தூண்கள்: கட்டுமானம், பயன்பாடு, பாதுகாப்பு, அக்கம்பக்கம். கட்டுமானம் மரச்சட்டத்தில் தொடங்கித் தீத்தாங்கும் கட்டடம் வரை ஆறு வகைப்படும். செங்கல் சுவர் கண்ணில் பட்டவுடன் உயர்ந்த வகையில் சேர்த்துவிடக் கூடாது. மேலே கூரையைத் தாங்குவது மரமானால் அது இரண்டாம் வகைதான். புதியவர்கள் மிகுதியும் தடுமாறுவது இந்த இடத்தில். கூரையை உள்ளிருந்து பார்க்காமல் வகை எழுதவே கூடாது.

பாடம் படிக்க உணவகச் சமையலறையைப் போன்ற இடம் வேறில்லை. அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டின் வடிகட்டியை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு என்று தெரியும். பிசுக்கு புகைக்குழாய்க்குள் படிந்திருந்தால் ஒரு சிறு சுடர் கூரை வரை ஏறும். தீயணைப்பு அமைப்பு யூ.எல். 300 தரத்தில், அதாவது ஈர ரசாயனத்தைப் பீய்ச்சும் வகையில் இருக்க வேண்டும். 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தத் தரத்துக்கு முந்திய உலர்பொடி அமைப்புகள், இன்றைய தாவர எண்ணெயின் அதிக வெப்பத்துக்கு ஈடுகொடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ததற்கான சீட்டு தொங்க வேண்டும். பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் பக்கத்து அடுப்பின் சுடருக்கும் இடையே 16 அங்குலம், இல்லையேல் நடுவே தடுப்புத் தகடு. சமையல் எண்ணெய்த் தீக்கான கே வகைத் தீயணைப்பான் அருகில் எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும். கிடங்கு என்றால் அடுக்கிய பெட்டிகளுக்கும் நீர்தெளிப்பானுக்கும் இடையே 18 அங்குலம், மின்பலகைக்கு முன்னால் 3 அடி வெற்றிடம்.

பாலிசி கிடைக்குமா, பிரீமியம் ஏறுமா என்று கடைக்காரர் கேட்பார். ஆய்வாளர் பதில் சொல்லக் கூடாது. அது அண்டர்ரைட்டரின் முடிவு. குறைகளைத் திருத்தச் சொல்லும் கடிதமும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்துதான் போகும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவதற்குச் சட்டப் பொறுப்பும் உண்டு. நெல்சன் எதிர் யூனியன் வயர் ரோப் வழக்கில் 1964இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், கட்டுமானத் தளத்தை அலட்சியமாக ஆய்வு செய்த காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவர்களுக்குப் பொறுப்பாகும் என்றது. பின்னர் பல மாநிலங்கள் காப்பீட்டாளருக்கு விலக்களித்துச் சட்டம் இயற்றின. தனியாள் ஆய்வாளர் அந்த நிழலை நம்பி இருந்துவிடக் கூடாது.

தொழிலில் நுழைவது

பொதுவான ஆய்வுக்கு மாநில உரிமம் பெரும்பாலும் தேவையில்லை. கொதிகலன் ஆய்வு இதற்கு விதிவிலக்கு: 1919இல் அமைந்த தேசியக் கொதிகலன் வாரியத்தின் சான்றும், அதை வைத்திருக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனத்தில் வேலையும் வேண்டும். தனியாளுக்கு அந்தக் கதவு மூடியதுதான். முன்னாள் தீயணைப்பு வீரர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், அண்டர்ரைட்டிங் பார்த்தவர்கள் எளிதாக நுழைகிறார்கள். மற்றவர்கள் பணியிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான ஓஷாவின் 30 மணிநேரப் பயிற்சியிலும் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிநூல்களிலும் தொடங்கலாம். வேலை நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருவது அரிது. இடையில் உள்ள ஆய்வுச் சேவை நிறுவனங்களே ஆணைகளைப் பிரித்துத் தருகின்றன. சில ஆண்டுகள் ஒன்றில் சம்பளத்துக்கு இருந்து, தன் அறிக்கைகள் திருத்தத்துக்குத் திரும்பாத நிலை வந்தபின் வெளியேறுவதே சரியான வழி.

கார், லேசர் அளவி, டார்ச், கேமரா, பாதுகாப்புக் காலணி ஆகியவை சொந்தச் செலவு. அறிக்கைக்குப் பேசும் தொகையில் ஓட்டும் நேரமும் எழுதும் நேரமும் அடக்கம். ஒரே திசையில் உள்ள ஆணைகளை ஒரே நாளில் சேர்க்கத் தெரியாதவருக்குப் பெட்ரோலே கூலியைத் தின்றுவிடும். வருமானம் ஒப்பந்தக்காரர்களுக்கான 1099 வரிப் படிவத்தில் வரும். வருமான வரியோடு 15.3 விழுக்காடு சுயதொழில் வரியையும் காலாண்டுக்கொருமுறை தாமே கட்ட வேண்டும். தொழில்சார் தவறுக்கான பொறுப்புக் காப்பீடு இல்லாதவர் முதல் ஆணையையே ஏற்கக் கூடாது. கலிபோர்னியாவில் 2020இல் நடப்புக்கு வந்த ஏ.பி. 5 சட்டம், யாரைச் சுயேச்சை ஒப்பந்தக்காரர் எனலாம் என்பதைக் கடுமையாக்கியது; ஆனால் அதே ஆண்டு வந்த திருத்தம் காப்பீட்டுத் துறைக்கான இழப்புத் தடுப்பு ஆய்வுக்கு அந்தக் கடுமையிலிருந்து விலக்களித்தது.

இன்றைய நிலை

கூரையை டிரோனும், சிறு கடைகளைக் கடைக்காரரே எடுத்தனுப்பும் கைபேசிப் படங்களும் பார்த்துவிடுகின்றன. புகைக்குழாயின் பிசுக்கைப் பார்க்க இன்னும் ஆள்தான் போக வேண்டியிருக்கிறது.